ஆகாஷும் பைபேடும்: 35 டாலரில் தொடங்கிய இரண்டு டேப்லெட்டுகள்

2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில், அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் கபில் சிபல் ஒரு டேப்லெட்டை வெளியிட்டார். பெயர் ஆகாஷ். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று பத்திரிகைகள் எழுதின. 35 டாலர் என்ற எண் நாட்கணக்கில் தலைப்புகளில் ஓடியது. அடுத்த ஐந்தாவது மாதம், 2012 பிப்ரவரி 29 அன்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை என்ற ஒற்றைப்பலகைக் கணினி விற்பனைக்கு வந்தது. அதற்கும் விலை 35 டாலர். அந்தப் போர்டை வைத்து, அமெரிக்காவில் மைக்கேல் காஸ்டர் என்பவர் பிறகு ஒரு டேப்லெட்டைத் தானே செய்து காட்டினார். பைபேட் என்று பெயர் வைத்தார். ஆன செலவு சுமார் 350 டாலர்.

ஆகாஷ் அரசாங்கம் டெண்டர் விட்டு வாங்கியது. லட்சம் மாணவர்களுக்குப் போக வேண்டியது. பைபேட் ஒரு மனிதர் தனக்கென்று செய்துகொண்டது. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயம்தான் என்பது என் எண்ணம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரண்டுக்குள்ளும் இருந்த கணினி ஏறத்தாழ ஒரே தரத்தில்தான் இருந்தது. ஆகாஷில் கோனெக்சன்ட் நிறுவனத்தின் 366 மெகாஹெர்ட்ஸ் சில்லு, 256 எம்பி ரேம். முதல் ராஸ்பெரி பையில் பிராட்காமின் 700 மெகாஹெர்ட்ஸ் சில்லு, அதே 256 எம்பி. 2012 அக்டோபரில்தான் 512 ஆனது. ஐபேட் 2 அதற்கு முன்பே இரட்டைக் கோர் சில்லோடு வந்துவிட்டிருந்தது. அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே நொண்டிக் குதிரைகள். ஆனாலும் ஒன்றைச் செய்தவர் மகிழ்ச்சியோடு தூக்கிக்கொண்டு திரிந்தார். மற்றதைக் கையில் வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

முதலில் அந்த 35 டாலரைப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் எண் ஒன்று. அது வந்த வழி வேறு.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதையும், வருகிறவர்களுக்கும் நிரல் எழுதிப் பழக்கம் இல்லாததையும் கண்டு கவலைப்பட்டவர்கள், ராஸ்பெரி பையை உருவாக்கிய எபன் அப்டனும் அவருடைய சகாக்களும். பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு மலிவான கணினி வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அதை 35 டாலருக்குக் கொண்டுவர அவர்கள் கையாண்ட வழி எளிமையானது: கணினி அல்லாத எல்லாவற்றையும் விட்டுவிட்டார்கள். திரை கிடையாது, வீட்டு டிவியில் சொருகிக்கொள். கீபோர்டு கிடையாது, பழையது ஒன்று இருக்கும். பெட்டி கிடையாது, மின்சாரம் கொடுக்க அடாப்டர்கூடக் கிடையாது. கையகலப் பச்சைப் போர்டு, 85 மில்லிமீட்டர் நீளம், 56 அகலம், அவ்வளவுதான். 35 டாலர் என்பது அந்தப் போர்டின் விலை மட்டுமே என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகாஷ் கதையில் எண்தான் முதலில் வந்தது, பொருள் பிறகு வந்தது. நிக்கோலஸ் நெக்ரபான்டியின் நூறு டாலர் மடிக்கணினித் திட்டத்தை 2006-இல் வேண்டாம் என்று சொன்ன அரசு, நாமே அதைவிட மலிவாகச் செய்வோம் என்று கிளம்பியது. 2009 பிப்ரவரியில் திருப்பதியில் பத்து டாலர் லேப்டாப் என்ற பெரிய அறிவிப்போடு ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தால் அது லேப்டாப்பே இல்லை, தகவல் சேமித்து வைக்கும் சாதனம். அதனால் எழுந்த கேலி அடங்குவதற்குள், 2010 ஜூலையில் 35 டாலர் டேப்லெட்டின் மாதிரி மேடையேறியது. பிறகு ஐஐடி ராஜஸ்தானின் பொறுப்பில் டெண்டர் விடப்பட்டது. எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், யாரோ அவருக்கே ஆர்டர் என்ற நம் ஊர் வழக்கப்படி, துலி சகோதரர்களின் டேட்டாவிண்ட் நிறுவனத்துக்குப் போனது. அரசு கொடுத்த விலை ஒன்றுக்கு ரூ. 2,276. அன்றைய மதிப்பில் அது 35 டாலருக்கு மேலேதான். மானியம் போக மாணவருக்குக் கிடைக்கும் விலையை மனதில் வைத்துச் சொன்ன எண் அது. எப்படிப் பார்த்தாலும், கேம்பிரிட்ஜ்காரர்கள் எவற்றையெல்லாம் விட்டுவிட்டு 35-ஐத் தொட்டார்களோ அவை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட அதே விலைக்கு இறங்க வேண்டிய கட்டாயம் டேட்டாவிண்டுக்கு. திரை வேண்டும், பேட்டரி வேண்டும், பெட்டி வேண்டும். இறங்கினால் எதில் கைவைக்க முடியும்? சில்லில் ஏற்கெனவே அடிமட்டம். மிச்சம் இருந்தவை இந்த மூன்றும்தான்.

ஆகாஷின் திரை 7 அங்குலம், 800-க்கு 480 புள்ளிகள், ரெசிஸ்டிவ் வகை. இந்த வகைத் திரையில் மேலும் கீழுமாக இரண்டு மெல்லிய கடத்தும் படலங்கள் இருக்கும். நடுவே மயிரிழை இடைவெளி. நாம் அழுத்தும்போது மேல்படலம் வளைந்து கீழ்ப்படலத்தைத் தொட்டால்தான் தொடுகை பதிவாகும். விரல் நுனியால் தடவினால் ஒன்றும் நடக்காது; நகத்தால் குத்த வேண்டும், அல்லது குச்சி வேண்டும். பழைய ஏடிஎம் இயந்திரத்தில் திரையை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படத்தைப் பெரிதாக்க இரண்டு விரலை விரிப்பதும் இதில் சரியாக வராது. பாடப் புத்தகத்தின் பிடிஎஃப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய மாணவருக்குக் கொடுத்த திரை இது.

காஸ்டர் என்ன செய்தார்? 35 டாலர் போர்டுக்கு 10 அங்குல கெப்பாசிட்டிவ் தொடுதிரை வாங்கினார். விரலின் மின்னேற்றத்தை உணர்கிற, நம் செல்போன்களில் இருக்கிற அதே வகை. அந்தத் திரை ஒன்றே போர்டைப் போல் பல மடங்கு விலை. கணக்குப் பார்க்கிறவர் எவரும் இது என்ன கூத்து என்றுதான் கேட்பார்: கணினி 35, அதற்குத் திரை அதைவிடப் பல மடங்கா? ஆனால் டேப்லெட் என்கிற பொருளில் நாம் பார்ப்பதும் தொடுவதும் திரையைத்தான். சில்லு மெதுவானால் இரண்டு நொடி காத்திருக்கலாம். திரை ஒத்துழைக்காவிட்டால் பொருளையே தூக்கி வைத்துவிடுவோம்.

பேட்டரியிலும் அதே கதை. ஆகாஷில் 2,100 எம்ஏஎச். லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 8 வாட்-மணி. நிறுவனம் சொன்ன கணக்கே மூன்று மணி நேரம்தான். மின்வெட்டு உள்ள ஊர்ப் பள்ளிக்கு இது எத்தனை பாடவேளை தாங்கும் என்று யாராவது கணக்குப் போட்டிருக்க வேண்டும். காஸ்டர் தன் பெட்டிக்குள் வைத்தது 10,000 எம்ஏஎச் கொண்ட பேட்டரித் தொகுப்பு, சுமார் 37 வாட்-மணி. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பெரிய திரையையும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தெரியாத போர்டையும் அது ஆறு மணி நேரம் ஓட்டியது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஆகாஷில் எதுவும் இல்லை, சாதாரணப் பிளாஸ்டிக். பைபேடின் உடம்பு பால்டிக் பிர்ச் ஒட்டுப்பலகையும் கார்பன் ஃபைபரும். போர்டின் உயரமான ஈத்தர்நெட் பொருத்தி பெட்டியைத் தடிமனாக்குகிறது என்று காஸ்டர் அதைப் பற்றவைப்பிலிருந்து பெயர்த்தே எடுத்துவிட்டார். புதுப் போர்டில் சால்டரிங் அயனை வைக்க மனம் வராதவர்கள் இந்த வேலைக்கு இறங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். விமானத்தில் கொண்டுபோகும்போது பாதுகாப்புச் சோதனையில் பிரச்சினை வரக் கூடாது என்பதும் அவர் கவலைகளில் ஒன்று. உள்ளே ஒயரும் பேட்டரியும் தெரிகிற மரப்பெட்டியை அமெரிக்க விமான நிலையத்தில் நீட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். அது தடையில்லாமல் தாண்டிப் போனது.

ஆக, காஸ்டரின் 350 டாலரில் கணினிக்குப் போனது பத்தில் ஒரு பங்கு. மிச்சப் பணம் முழுவதும் திரை, பேட்டரி, பெட்டி, இணைப்புகள். எந்த இடத்தில் ஆகாஷ் வெட்டியதோ அந்த இடத்திலேயே பைபேட் கொட்டியது.

இதைச் சொல்லிவிட்டு ஆகாஷை முழுக்கக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது முறையல்ல. பைபேடுக்கும் பெரிய ஓட்டைகள் உண்டு. செல்போனும் டேப்லெட்டும் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் தூங்கும், மறு தட்டில் எழும். தூக்கத்தில் பேட்டரி தீர்வதில்லை. ஆகாஷில் ஓடிய ஆண்ட்ராய்டு இதைச் செய்யும். ராஸ்பெரி பைக்கு இந்தத் தூக்கம் கிடையாது. அது ஓடும், இல்லாவிட்டால் முழுக்க அணையும். படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், அப்படியே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வருவதற்குள் அது கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று, அதில் ஓடிய அன்றைய ராஸ்பியன் இயங்குதளம் மவுசுக்காக அமைந்த லினக்ஸ். சின்னச் சின்ன மெனுக்களை விரலால் தொட்டுத் திறப்பது எரிச்சல். கண்டிப்பான அர்த்தத்தில் பைபேட் கீபோர்டு இல்லாத கணினி, ஆகாஷ்தான் டேப்லெட். காஸ்டருக்கு அது உறுத்தவில்லை, அவர் கேட்டதே கையில் எடுத்துப் போகும் லினக்ஸ் கணினி ஒன்றைத்தான்.

செலவுக் கணக்கிலும் ஒரு மறைவு உண்டு. 350 டாலர் என்பது பொருட்செலவு. காஸ்டர் வேலை பார்த்தது, கைவினைக்காரர்களுக்கான மேக் பத்திரிகையின் கடைப் பிரிவில். மரம் வெட்டக் கணினிவழி இயந்திரம், கருவி, கேட்டால் பதில் சொல்ல ஆட்கள் எல்லாம் எட்டும் தூரத்தில். அவர் நேரத்துக்குக் கூலி போட்டால் அந்தத் தொகை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழர்களுக்கு மட்டும் உறைக்கக்கூடிய ஒரு வேறுபாடும் இருந்தது. ஆகாஷில் வந்தது ஆண்ட்ராய்டு 2.2. அந்தப் பதிப்போடு தமிழ் எழுத்துரு வரவில்லை. தயாரிப்பாளர் தானாகச் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் தமிழ்ப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். 4.0 பதிப்பில்தான் அந்த நிலை மாறத் தொடங்கியது. ராஸ்பெரி பையில் ஓடியது டெபியன் குடும்பத்து லினக்ஸ். ஒரு கட்டளையில் தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்துவிடும். இந்திய மாணவருக்கென்றே அரசு வாங்கிய கருவியைவிட, கேம்பிரிட்ஜ் போர்டு தமிழை எளிதாகக் காட்டியது.

பழுதுக்கு வருவோம். ஆகாஷின் போர்டு செத்தால் எல்லாம் செத்தது. மென்பொருளிலும் அப்படித்தான்: கூகுளின் செயலிச் சந்தை இல்லாமல் கெட்ஜார் என்ற மாற்றுச் சந்தையோடு வந்தது. பைபேட் பழுதானால் எஸ்டி கார்டை மாற்றலாம், போர்டையே மாற்றலாம். 2014 ஜூலையில் வந்த பி-பிளஸ் மாதிரியில் பொருத்திகளும் திருகுத் துளைகளும் இடம் மாறின; பழைய பெட்டியில் அப்படியே உட்காராது. ஆனால் மரம்தானே, ரம்பமும் அரமும் இருந்தால் புதிய துளை போட்டுக்கொள்ளலாம்.

ஆகாஷுக்கு என்ன ஆயிற்று? ஐஐடி ராஜஸ்தானுக்கும் டேட்டாவிண்டுக்கும் பிணக்கு முற்றியது. அமெரிக்க ராணுவத் தளவாடங்களுக்கான தரச்சோதனையை, மழை தாங்குமா என்பது உட்பட, இந்த விலைக் கருவியிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நிறுவனம் முறையிட்டது. எல்-1 விலையில் வாங்கிவிட்டு ராணுவத் தரம் கேட்பதை என்னவென்று சொல்வது! திட்டம் 2012-இல் ஐஐடி பம்பாய்க்கு மாறியது; பேராசிரியர் தீபக் பாட்டக் முன்னின்றார். அதே ஆண்டு நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2-ஐ வெளியிட்டார்; அந்த மாதக் கடைசியில் ஐ.நா. தலைமையகத்திலும் அது காட்டப்பட்டது. முதல் தொகுதிக்கான பாகங்கள் சீனாவில் தயாராகி வந்தவை என்ற சர்ச்சையும் கூடவே கிளம்பியது.

இந்த இரண்டாம் ஆகாஷில் என்ன மாறியது என்று கவனியுங்கள். திரை கெப்பாசிட்டிவ் ஆனது. பேட்டரி 3,000 எம்ஏஎச் ஆனது. சில்லு 1 கிகாஹெர்ட்ஸ், ரேம் இரு மடங்கு, ஆண்ட்ராய்டு 4.0. அரசு கொடுத்த விலை ஏறக்குறைய அதேதான், ரூ. 2,263. பாகங்களின் சந்தை விலை ஓராண்டில் அவ்வளவு விழுந்திருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் முதல் ஆகாஷுக்கு வந்த கெட்ட பெயர் வந்திருக்காது. விலையைக் குறித்துவிட்டுக் காலத்தை நெருக்கியதன் கோளாறு இது. செய்தவர்களின் திறமைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஐஐடி பம்பாய்க்காரர்கள் அதில் லினக்ஸை ஓட்டினார்கள்; பைத்தான், சைலேப் போன்றவற்றைக் கொண்டுவந்து பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆகாஷ் பைபேடுக்கு மிக அருகில் வந்த கட்டம் அதுதான். ஆனால் 2013-இல் புதிய அமைச்சர் பல்லம் ராஜு, கருவியையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்ற பொருளில் பேசிவிட்டார். கூட்டம் கலைந்தது.

காஸ்டரின் வழியோ தொடர்ந்து நடப்பதற்கு எளிதாகிக்கொண்டே வந்தது. 2015 செப்டம்பரில் ராஸ்பெரி பைக்காரர்களே 7 அங்குலத் தொடுதிரை வெளியிட்டார்கள், 60 டாலர். போர்டைவிடத் திரை விலை அதிகம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரிதான். 2024 கடைசியில் அதன் அடுத்த பதிப்பு 720-க்கு 1,280 புள்ளிகளோடு வந்தது. கியூட்டிபை, ராஸ்பேட் என்று பெட்டியும் பேட்டரியும் சேர்த்தே தருகிறவர்களும் வந்தார்கள். இயங்குதளமும் விரலுக்குக் கொஞ்சம் இணங்கி வந்திருக்கிறது. தொடுதிரை இருந்தால் திரையிலேயே கீபோர்டு எழும்பி வருகிறது.

ஆனால் இன்று சென்னை ரிட்சி தெருவுக்குப் போய்ப் பாகம் வாங்கிவந்து வீட்டு மேசையில் செய்ய உட்காருகிறவரும் காஸ்டர் பட்ட பாட்டில் பாதியைப் படத்தான் வேண்டும். திரையையும் போர்டையும் இணைப்பது பட்டையான ரிப்பன் கேபிள். பொருத்தியின் கறுப்புத் தாழை நகத்தால் மெல்லத் தூக்கி, கேபிளின் தொடர்பு முனைகள் சரியான பக்கம் பார்க்கும்படி உள்ளே விட்டு, தாழை இரண்டு ஓரத்திலும் சமமாக அழுத்த வேண்டும். ஒரு ஓரம் மட்டும் பிடித்தால் திரை இருட்டாகவே இருக்கும். தாழை வேகமாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

அதைவிடப் பெரிய தலைவலி மின்சாரம். லித்தியம் செல் தருவது 3.7 வோல்ட், போர்டு கேட்பது 5. நடுவில் வோல்ட்டை ஏற்றும் சுற்று வேண்டும். அது மலிவானதாக இருந்தால், சில்லு கொஞ்சம் முக்கி வேலை செய்யும்போது வோல்ட் சரியும், 4.63-க்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி பளிச்சென்று தோன்றும், வேகம் குறையும், சில சமயம் எஸ்டி கார்டில் எழுதியதும் கெட்டுப்போகும். ராஸ்பெரி பை 5 இன்னும் மோசம். 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வரை எதிர்பார்க்கும். டேப்லெட்டுக்கு அதைவிடப் பழைய போர்டே நல்லது. போர்டும் திரையும் சேர்ந்து 6 வாட் தின்னும் என்று வைத்துக்கொண்டால், 37 வாட்-மணி பேட்டரியில் ஏற்றும் சுற்றின் இழப்புப் போக ஐந்து மணி நேரம் கிடைக்கும்.

செல் வாங்குவதிலும் எண்தான் ஏமாற்றும். தெருவில் 18650 உருளைச் செல்களின் மேல் 9,900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கிறார்கள். நல்ல நிறுவனத்தின் செல்லே 3,500 பக்கம்தான் நிற்கும். மேலே ஒட்டிய எண்ணை நம்பி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கணக்குப் போடுகிறவர் 35 டாலரை நம்பியவர்களின் வரிசையில் சேர்வார்.

என் தீர்ப்பு இதுதான். வகுப்பறைக்கு டேப்லெட் வேண்டும் என்றால் வீட்டுத் தயாரிப்பு உதவாது. ஆகாஷ் 2 போன வழி சரியானது, விலையை முன்கூட்டி மேடையில் சொல்லாமல் இருந்திருந்தால். வீட்டில் படம் பார்க்க, பேப்பர் படிக்க என்றால் கடையில் வாங்குவதே மலிவு, தூங்கவும் தெரியும். கணினி எப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் இந்தச் செலவு தகும். அப்படி வாங்கிக் கொடுப்பவர்கள் பணத்தை முதலில் நல்ல திரைக்கும், மிகைச்சார்ஜையும் ஷார்ட்டையும் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரிக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் எந்தப் போர்டு கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். முதல் நாள் சார்ஜ் ஏறும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள்.